யுத்த காலமும் கிராமத்து மாட்டு வைத்தியமும்

மானாவாரிச் சாகுபடியை நம்பி வாழும் குடியானவனுக்கு மழைக்கு அடுத்தபடி வேண்டுவது நல்ல ஜோடி எருதுகளே என்பதை நம் பெரியோர் நன்கு அறிந்திருந்தனர். இன்று பல இடங்களில் டிராக்டர் உழுகின்றது. மின்சார மோட்டார் நீர் இறைக்கின்றது. ஆனால் 1939-ம் வருஷத்தில் தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் முதலிய பகுதிகளில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் நிலக்கடலையும் விளைந்தது எருதின் தோள் வலிமையால்தான். கிணற்றில் கவலை இழுத்தவையும், களத்தில் போரடித்தவையும், விளைபொருளை வண்டியில் சந்தைக்குக் கொண்டு சேர்த்தவையும் அவைகளே. ஆகவே ஓர் எருது நோயுற்று வீழ்ந்தால் அந்த வீட்டில் ஒரு போகமே வீழ்ந்ததாகக் கொள்ளவேண்டும்.

1939-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 3-ந் தேதி பிரிட்டன் ஜெர்மனியின்மீது யுத்தம் தொடுத்தது. அன்றே வைசிராய் லின்லித்கோ பிரபு இந்தியாவும் யுத்தத்தில் ஈடுபட்டதாக அறிவித்தார். நமக்கு அது ஆவணி மாதம். புரட்டாசிக் கொள்ளு விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டிய காலம். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நடக்கும் சண்டைக்கும் நம் மாட்டுத் தொழுவத்திற்கும் என்ன சம்பந்தம் என்று அநேகர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் சம்பந்தம் இருந்தது. கிராம வாழ்வில் யுத்தத்தின் கை பட்ட இடங்களுள் மாட்டு வைத்தியசாலையும் ஒன்று. அது எவ்வாறு பட்டது, எவை கைவிட்டுப் போயின, எவை நிலைத்து நின்றன என்பவற்றை விளக்கி, அவற்றால் இன்றைய குடியானவர்கள் பெறத்தக்க பயனையும் எடுத்துக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

யுத்தத்திற்கு முந்திய நிலை

அக்காலத்தில் தருமபுரி, சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுக்காவாக இருந்தது. 1965-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதிதான் அது தனி ஜில்லா ஆயிற்று. அதிலிருந்து கிருஷ்ணகிரியும் ஓசூரும் 2004-ல் பிரிந்து வேறு ஜில்லா ஆயின. மாடு வளர்ப்பில் இப்பிரதேசத்திற்குப் பழம்பெருமை உண்டு. பென்னாகரத்தையடுத்த காவேரிக் கரைக் காடுகளில் பரவிய ஆலம்பாடி மாடுகள் உழவுக்கும் வண்டிக்கும் பேர் பெற்றவை. ஓசூரில் முன்பு இராணுவக் குதிரைகளுக்கென இருந்த பெரிய பண்ணை, முதல் உலக யுத்தத்திற்குப் பின்னர் மாகாண சர்க்காரின் கால்நடைப் பண்ணையாக மாறிப் பொலிகாளைகளை வளர்த்து வந்தது.

மாட்டு வைத்தியத்திற்கு வேண்டிய படிப்பும் மாகாணத்திலேயே இருந்தது. சென்னை வேப்பேரியில் 1903-ம் வருஷம் தொடங்கிய கால்நடை வைத்தியக் கல்லூரி 1936-ல் சென்னைச் சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டுப் பட்டப்படிப்பும் அளிக்கலாயிற்று. அங்கே தேறியவர்கள் தாலுக்கா வைத்தியசாலைகளில் பணி ஏற்றனர். ஆயினும் அவர்கள் தொகை மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஒரு தாலுக்காவின் கிராமங்கள் அனைத்திற்கும் ஒரே மருத்துவர் என்பதே நிலைமை. இந்திய விவசாயத்தை ஆராய 1926-ல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷன், 1928-ல் வெளியிட்ட அறிக்கையில், கால்நடை மருத்துவர்களின் தொகையைப் பெருக்கவேண்டும் என்றும், தொத்து வியாதிகள் பரவும் முன்னரே தடுக்கவேண்டும் என்றும் வற்புறுத்தியது. அக்கமிஷனுக்குத் தலைமை வகித்தவரும் இதே லின்லித்கோ பிரபுதான். பதினொரு வருஷங்களுக்குப் பின் யுத்தம் வந்தபோது அந்தத் தொகை தேவைக்கு வெகுவாகக் குறைந்தே இருந்தது.

யுத்தத்தினால் மாட்டு வைத்தியத்திற்கு நேர்ந்த இடையூறுகளை நான்காகப் பிரித்துக் கூறலாம்: ஆட்குறைவு, மருந்துக் குறைவு, போக்குவரத்துக் குறைவு, மாடுகளின் நடமாட்டம் என்பன.

ஆட்குறைவு

யுத்தத்திற்கு மனிதர் மட்டுமே போவதில்லை, மிருகங்களும் போகின்றன. 1939-ம் வருஷம் டிசம்பர் மாதத்திலேயே இந்தியக் கோவேறு கழுதைப் படைகள் பம்பாயிலிருந்து பிரான்ஸ் தேசத்திற்குக் கப்பலேறின. பின்னர், மோட்டார் செல்ல இயலாத பர்மா மலைக்காடுகளில் துப்பாக்கிகளையும் உணவையும் சுமந்தவை கோவேறு கழுதைகளே. அவற்றின் குரல் எதிரிக்குக் கேட்டுவிடாதபடி 1944-ம் வருஷப் படையெடுப்பின்போது கால்நடை மருத்துவர்கள் அவற்றின் தொண்டையில் அறுவை செய்து குரலையே நீக்கிவிட்டனர். இத்தகைய வேலைகளுக்கு இராணுவத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு பட்டம் பெற்றவர்களை நாடியது. கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞர்களுள் இராணுவ உத்தியோகம் ஏற்றவர்கள் கிராமத்திற்கு வரவில்லை.

இந்தச் சங்கடம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த தர்ஸ்க் என்னும் சிற்றூரில் டொனால்ட் சிங்க்ளேர் என்பவர் மாட்டு வைத்தியம் செய்துவந்தார். 1940-ம் வருஷம் ஜூலை மாதம் ஜேம்ஸ் ஆல்பிரட் வைட் என்ற இளைஞர் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சிங்க்ளேர் விமானப்படைக்குச் சென்றுவிடவே, தொழிலுக்கும் ஊருக்கும் புதியவரான வைட் அந்தப் பிரதேசத்து மாடுகளையும் ஆடுகளையும் குதிரைகளையும் தனியாளாகக் கவனிக்க நேர்ந்தது. பிற்காலத்தில் வைட்டும் விமானப்படையில் சேர்ந்து, 1943-ல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் இவரே. உணவு உற்பத்திக்குக் கால்நடை மருத்துவர் இன்றியமையாதவர் என்று பிரிட்டிஷ் சர்க்கார் அத்தொழிலைக் கட்டாயப் படைச் சேவையினின்று ஒதுக்கி வைத்திருந்தது. அப்படியிருந்தும் ஒரு வைத்தியசாலையில் இருவர் ஒருவரானதே அங்கே பெரிய பாரம் ஆயிற்று. தாலுக்காவுக்கே ஒருவர் என்றிருந்த நம் பகுதிகளில் அந்த ஒருவரும் மாறிப்போய், அவர் இடம் சிறிது காலம் காலியாகக் கிடந்தாலும் குடியானவன் கதி என்னாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

மருந்துக் குறைவு

அக்காலத்து மாட்டாஸ்பத்திரி அலமாரியில் இருந்த மருந்துகளுள் பல கப்பலேறி வந்தவை. ஜட்கா வண்டிக் குதிரைகளைக் கொல்லும் சர்ரா நோய்க்குச் சிறந்த ஊசி மருந்து ‘நாகனால்’ என்பது. அதைச் செய்தவர் ஜெர்மனியின் பாயர் கம்பெனியார். ஜெர்மனியோடு யுத்தம் மூண்டவுடன் அதன் வரவு நின்றது. அதே மருந்தை வேறு பெயரில் பிரிட்டிஷ் கம்பெனி செய்து அளிக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1942-ம் வருஷம் பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலேயா ரப்பரும், மார்ச்சில் ஜாவா வீழ்ந்தபின் அத்தீவின் கொயினாவும் கிடைக்காமற் போயின. ரப்பர் குழாயும் கையுறையும் ஊசிக்குழலும் ஒருமுறை உடைந்தோ கிழிந்தோ போனால் மறுமுறை பெறுவது அரிதாயிற்று.

போக்குவரத்துக் குறைவு

இது நம் பகுதியின் தனிக் கதை. சென்னையிலிருந்து இரயிலில் வரும் சாமான் மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கும். அங்கிருந்து தருமபுரிக்குச் சுமார் 18 மைல். அந்தத் தூரத்திற்கு 1906-ம் வருஷத்தில் ஒரு சிறிய அகலமுடைய இருப்புப்பாதை போடப்பட்டது. 1913-ல் அது ஓசூர் வரையில் நீண்டது. யுத்த காலத்தில், 1941-ல், அந்தப் பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. பெட்ரோலோ பங்கீட்டில். லாரிகளில் பல யுத்த வேலைக்குப் போய்விட்டன. ஆகவே, மொரப்பூரில் இறங்கிய மருந்துப் பெட்டி மீண்டும் மாட்டு வண்டியையே நம்பவேண்டியதாயிற்று. ஐஸில் வைத்து அனுப்பவேண்டிய மருந்துக்கு ஒரு பகற்பொழுது தாமதமும் கேடு என்பதை நினைத்தால், பதினெட்டு மைல் எவ்வளவு நீண்ட வழி என்பது புலனாகும். தருமபுரி மீண்டும் இரயில் கண்டது யுத்தம் முடிந்து இருபது வருஷங்களுக்கும் மேலான பின்னரே.

மாடுகளின் நடமாட்டம்

நான்காவதாகிய இதுவே மிகக் கொடியது. யுத்தத்தினால் மாடுகளின் விலை ஏறியது. இராணுவத்திற்கு இறைச்சி வேண்டியிருந்தது. வண்டிகளுக்கு எருதுகள் வேண்டியிருந்தன. சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் செல்லும் பெருஞ்சாலை, பெரிய இராணுவத் தங்குமிடமாகிய அந்நகரத்திற்குச் செல்லும் வழியாகும். விலை ஏறும் காலத்தில் தரகர்கள் ஊர் ஊராய்ச் சென்று மாடு பிடிப்பதும், ஒரு சந்தையில் வாங்கியதை அடுத்த சந்தையில் விற்பதும் இயல்பே. நல்ல மாடுகள் அளவின்றிக் கழிவதைக் கண்ட இந்திய சர்க்கார் 1944-ம் வருஷத்தில், மூன்று முதல் பத்து வயது வரையுள்ள உழவு மாடுகளையும், பால் தரத்தக்க அதே வயதுப் பசுக்களையும், சினையாகவோ கறவையிலோ உள்ள பசுக்களையும் வெட்டலாகாது என்று ஒரு திட்டம் வகுத்தது. மாடு இடம் பெயர்ந்தால் அதனோடு நோயும் பெயரும். அந்நோய்களுள் தலைமையானது வெக்கை.

வெக்கை நோயும் யுத்தமும்

வெக்கையை இக்காலத்து இளைஞர் கண்டதில்லை; அது அவர்கள் பாக்கியம். அந்நோய் கண்ட மாட்டிற்கு முதலில் 104 முதல் 107 டிகிரி வரை காய்ச்சல் ஏறும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயினுள்ளே தவிடு தூவியதுபோல் வெண்மையான புண்கள் தோன்றும். பின்னர் நாற்றமுள்ள கழிச்சல் தொடங்கும். மாடு உடல் வற்றி, ஒரு வாரம் பத்து நாட்களில் இறக்கும். முன்பு அந்நோய் காணாத மந்தையில் நுழைந்தால் மந்தையின் பெரும்பகுதியை அழித்துவிடும். பிழைத்த மாட்டிற்கு மறுமுறை அந்நோய் வாராது.

இந்நோய் படைகளோடு நடந்த வரலாறு பெரிது. 1887-ம் வருஷம் இத்தாலியப் படை எத்தியோப்பியாவின்மேல் சென்றபோது, அப்படைக்கென மசாவா துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு வெக்கையும் இறங்கியது என்றும், அம்மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். பத்து வருஷங்களுக்குள் அது ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை சென்று, வழியெங்கும் மந்தைகளை அழித்தது. எருதிழந்த எத்தியோப்பியாவில் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது எதிரிகள் இந்நோயை ஆயுதமாகவே ஏவக்கூடும் என்று அஞ்சிய அமெரிக்காவும் கனடாவும், செயின்ட் லாரன்ஸ் நதியிலுள்ள குரோஸ் ஈல் என்னும் தீவில் தடுப்பு மருந்து செய்ய ஒரு நிலையத்தை நிறுவின.

இங்கே குடியானவர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெக்கைக்கு எக்காலத்திலும் தீர்க்கும் மருந்து இருந்ததில்லை. சமாதான காலத்திலும் இல்லை. யுத்த காலத்திலும் இல்லை. ஆகவே அலமாரியில் மருந்து குறைந்ததைவிட, நோய் வந்த செய்தி மருத்துவரை எட்டாததும், எட்டினாலும் அவர் வர வழியில்லாததுமே பெரிய ஆபத்து. யுத்தம் நம் மாட்டு வைத்தியத்தை மருந்துப் புட்டியில் அடித்ததாகப் பலரும் எண்ணுவர். உண்மையில் அது அடித்தது ஆளையும் வழியையுமே.

நிலைத்து நின்றது எது?

இத்தனை குறைவுகளுக்கு இடையே ஒன்று நிலைத்து நின்றது. அது யுத்தத்திற்கு முன்னரே நம் நாட்டில், நம் நாட்டுப் பொருளைக்கொண்டு செய்யப்பட்ட தடுப்பு மருந்து.

முற்காலத்தில் வெக்கைக்குச் சீரம் என்னும் இரத்தநீரை ஊசி மூலம் ஏற்றினர். அதன் காப்பு இரண்டு வாரத்திற்கு மேல் நிற்பதில்லை, விலையும் அதிகம். 1920-ம் வருஷத்தை அடுத்த பத்தாண்டில், இமயமலைப் பகுதியில் முக்தேசுவரத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கைக் கிருமியை வெள்ளாட்டின் உடலில் மீண்டும் மீண்டும் ஏற்றி வளர்த்தார். அவ்வாறு ஆட்டில் பழகிய கிருமி மாட்டைக் கொல்லும் வலிமையை இழந்து, ஆனால் நோயைத் தாங்கும் சக்தியை மாட்டிற்கு அளிக்கலாயிற்று. நம் மாகாணத்திலும் சாண்டர்ஸ், கைலாசமையர் என்னும் இருவர் அக்கிருமியை வெள்ளாடுகளில் தொடர்ந்து 150 தடவை ஏற்றிப் பரிசோதித்து, 1936-ல் அதன் விவரங்களை வெளியிட்டனர். அவ்வாட்டின் மண்ணீரலை அரைத்துச் செய்யும் மருந்து, ஓர் ஆட்டிலிருந்து பல நூறு மாடுகளுக்குப் போதுமானது; ஒருமுறை குத்தினால் பல வருஷங்கள் காப்பது. மாகாணத்தின் சீரம் நிலையம் 1932-ல் தொடங்கப்பெற்று, பின்னர் இராணிப்பேட்டையில் வேரூன்றியது.

இதன் அருமையைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். ஜெர்மனி மருந்தும் ஜாவா கொயினாவும் மலேயா ரப்பரும் நின்றுபோன காலத்தில், வெள்ளாடு மட்டும் நின்றுபோகவில்லை. கப்பல் வாராவிட்டாலும் ஆடு நம் காட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. அதைக்கொண்டு மருந்து செய்யும் அறிவும் நம்மவர் கையில் இருந்தது. யுத்தம் தொடங்கிய பின்னரே இந்த ஆராய்ச்சியில் இறங்கியிருந்தால் அது முடிவதற்குள் யுத்தமும் முடிந்திருக்கும், மந்தைகளும் முடிந்திருக்கும்.

இதற்குத் துணையாக 1940-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் வெக்கை நோய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நோய் கண்ட இடங்களில் மாடுகளைப் பிரித்து வைப்பதற்கும் தடுப்பு ஊசி குத்துவதற்கும் அது பலம் அளித்தது.

இம்மருந்துக்கும் குறைகள் உண்டு. அதை ஐஸிட்ட தெர்மாஸ் குடுவையில் கொண்டுபோக வேண்டும். வெயிலில் வைத்தால் வீணாகும். குத்திய சில நாட்களில் மாட்டிற்குக் காய்ச்சல் காணும். அப்போது ஏரிலும் கவலையிலும் பூட்டாமல் ஓய்வு தரவேண்டும். விதைப்புக் காலத்தில் இந்த ஓய்வைத் தர மனமில்லாமல் ஊசிக்கு மாட்டை ஒளித்து வைப்பது பெரும் பிழை. நான்கு நாள் உழவை மிச்சப்படுத்த எண்ணி நாலு வருஷத்து உழவைப் பணயம் வைப்பதற்கு அது ஒப்பாகும்.

நாட்களின் கணக்கு

ஊசி வந்து சேரும்வரை மந்தையைக் காப்பது நாட்களின் கணக்கே. அதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒருவர் சந்தையில் எருது ஒன்றை வாங்குகின்றார். அதன் உடலில் வெக்கைக் கிருமி முதல்நாள்தான் புகுந்தது என்று கொள்வோம். மூன்று முதல் ஒன்பது நாட்கள் வரை, சில சமயம் அதற்கு மேலும், அம்மாடு யாதொரு குறியும் காட்டாது. நன்றாக மேயும், அசைபோடும். வாங்கியவர் அன்று மாலையே அதை ஊர்க்குட்டையில் நீர் காட்டி, மற்ற மாடுகளோடு கட்டுகின்றார். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் காண்கின்றது. வாய்ப்புண் தோன்றும் முன்னரே அதன் மூச்சிலும் நீரிலும் சாணத்திலும் கிருமி வெளிப்பட்டுவிடும். அது இறக்கும் நாளில் ஊர் மந்தையில் பத்து மாடுகளுக்குக் காய்ச்சல் காணும். அப்போதுதான் மருத்துவருக்குச் செய்தி அனுப்புகின்றனர். இரயில் இல்லை, பெட்ரோல் இல்லை, அவர் வந்து சேர மேலும் சில நாட்கள் ஆகும்.

அதே எருதை வாங்கியவர் மூன்று வாரம் தனிக் கொட்டிலில் கட்டி, தனித் தொட்டியில் நீர் காட்டியிருந்தால் என்ன நேரும்? அவர் ஒரு மாட்டை இழப்பார். ஊர் ஒன்றையும் இழவாது. இந்தக் கிருமி வெயிலிலும் உலர்ந்த இடத்திலும் விரைவில் மடிந்துபோவது. அது வாழ்வதற்கு மாட்டிலிருந்து மாட்டிற்குத் தாவிக்கொண்டே இருக்கவேண்டும். தாவுவதற்கு இடம் கொடாவிட்டால் நோய் தானே அற்றுப்போகும். பிரித்துக் கட்டுதலாகிய இச்சிகிச்சைக்குக் கப்பலும் வேண்டாம், இரயிலும் வேண்டாம்.

நோய் கண்டவுடன் அறிவிக்கும் கடமை அக்காலத்தில் கிராம முன்சீபைச் சார்ந்தது. செய்தி வரத் தாமதித்த ஒவ்வொரு நாளும், மருத்துவர் குத்தவேண்டிய ஊசியின் தொகையைப் பெருக்கியது. முன்சீபு பதவி 1980-ல் ஒழிந்தது. ஆனால் தாமதத்தின் கணக்கு மாறவில்லை.

கைமருந்தின் எல்லை

மருந்து அரிதாகும் காலத்தில் மக்கள் கைமருந்தை நாடுவது இயல்பு. அதில் சில நல்லவை, சில வீண், சில ஆபத்தானவை. இவற்றைப் பிரித்தறிதல் அவசியம்.

கோமாரி கண்ட மாட்டின் வாயைப் படிகார நீரால் கழுவலாம். குளம்பு இடுக்குப் புண்ணை மயில்துத்தம் சிறிது கரைத்த நீரால் கழுவி, ஈ மொய்க்காதபடி வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவலாம். தின்ன இயலாத மாட்டிற்குக் கேழ்வரகுக் கூழ் நன்று. இவை நோயைக் கொல்வதில்லை. மாடு தாங்கிக்கொள்ள உதவுகின்றன.

வயிறு உப்பிய மாட்டிற்கு எண்ணெய் புகட்டுவது பழைய வழக்கம். புகட்டும்போது தலையை மிக உயர்த்திப் பிடித்து விரைவாக ஊற்றினால் எண்ணெய் நுரையீரலில் இறங்கி, உப்புசத்தால் சாகாத மாடு வைத்தியத்தால் சாகும். சிறிது சிறிதாக, மாடு விழுங்குவதைப் பார்த்தே ஊற்றவேண்டும்.

திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் வடியும் மாட்டை எக்காரணத்தாலும் அறுக்கலாகாது, தோலையும் உரிக்கலாகாது. அது அடைப்பான் ஆகக்கூடும். அறுத்தவுடன் அக்கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல பத்து வருஷங்கள் உயிரோடிருக்கும், மனிதரையும் பற்றும். விலையேறிய காலத்தில் தோலின் காசுக்கு ஆசைப்பட்டால் மேய்ச்சல் நிலமே நஞ்சாகும். ஆறடி ஆழத்தில் முழு உடலாகப் புதைத்தோ எரித்தோ விடுவதே வழி.

யுத்தத்திற்குப் பின்

யுத்தம் 1945-ல் முடிந்தது. வெக்கை முடியவில்லை. 1954-ம் வருஷம் இந்திய சர்க்கார் தேசம் முழுவதும் வெக்கையை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் முதற்கண் கையாண்ட கருவி அந்த வெள்ளாட்டு மருந்தே. இப்போது அதை உறையச் செய்து உலர்த்திப் பொடியாக்கும் முறை வந்துவிட்டபடியால், தெர்மாஸ் குடுவைப் பயணம் முன்னைவிட எளிதாயிற்று. பின்னர் அதனினும் சிறந்த மருந்துகளும் வந்தன. 1995-ம் வருஷத்தோடு இந்தியாவில் வெக்கை அற்றது. அக்கடைசி வருஷத்தில் அது காணப்பட்ட இடங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று என்பதை மறத்தலாகாது. 2006-ல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக ஏற்கப்பட்டது. 2011-ம் வருஷம் உலகமே அதினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர் முயற்சியால் உலகினின்று அடியோடு ஒழிந்த நோய்கள் இரண்டே: மனிதருக்கு வரும் பெரியம்மையும் மாட்டிற்கு வரும் வெக்கையும்.

இன்றைய குடியானவர்களுக்கு

இப்போது நம் ஜில்லாவில் கால்நடை மருந்தகங்கள் முன்னைவிடப் பல மடங்கு பெருகியிருக்கின்றன. 1962 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் மருத்துவ வண்டியே கிராமத்தைத் தேடி வருகின்றது. ஆகவே யுத்தகாலக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான் செல்லும் கிராமங்களில் ஊசி போட வருபவர்களைக் கண்டு, ‘இப்போது நோய் ஒன்றும் இல்லையே, பால் குறையுமே’ என்று மாட்டை ஓட்டிச் செல்பவர்களைக் காண்கின்றேன். அவர்களுக்காகவே இதை எழுத நேர்ந்தது. வழி அடைபடுவதற்கு யுத்தமே வேண்டுமென்பதில்லை. பெருமழையும், பாலம் உடைவதும், பெருந்தொற்று ஊரடங்கும் ஒரே பலனைத் தருவன. 2020-ம் வருஷம் நாம் அனைவரும் வீட்டினுள் இருந்ததை மறந்துவிடலாகாது.

ஆகவே குடியானவர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

1. கோமாரித் தடுப்பு ஊசியை ஆறு மாதத்திற்கு ஒருமுறை தவறாது போட்டுக்கொள்ள வேண்டும். கன்றுக்கு நான்காம் மாதத்தில் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும் அவசியம். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்காலத்திற்கு முன்னரே குத்தவேண்டும்.

2. சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டவேண்டும். தனிக் கொட்டில் இல்லாதவர் வயலோரத்து மரநிழலிலாவது கட்டலாம். நீர்த்தொட்டியும் தீவனக் கூடையும் வேறாக இருக்கவேண்டும்.

3. ஒரே வாரத்தில் இரண்டு மாடுகளுக்குக் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ தோலில் கழலையோ கண்டால் அன்றைக்கே மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். மறைத்து விற்பது அயலான் வீட்டிற்குத் தீ வைப்பதற்குச் சமம்; அத்தீ நம் வீட்டிற்கும் திரும்பும்.

4. நோயுற்ற மாட்டைச் சந்தைக்கோ பொதுக்குட்டைக்கோ ஓட்டலாகாது.

அண்மை வருஷங்களில் பரவிய தோல் கழலை நோய்க்கு நம் நாட்டில் முதலில் கைகொடுத்த ஊசி எதுவென்றால், வெள்ளாட்டம்மைக்கென ஏற்கெனவே செய்து வைத்திருந்த தடுப்பு மருந்தே. மீண்டும் ஒருமுறை, முன்கூட்டி நம் கையில் இருந்ததுதான் உதவியது.

யுத்தம் வந்தால் இரயில் போகும், மருந்து போகும், மருத்துவரும் போகக்கூடும். யுத்தத்திற்கு முந்திய நாளில் மாட்டின் உடலில் ஏற்றி வைத்த காப்பும், பிரித்துக் கட்டும் வழக்கமும் ஊரைவிட்டுப் போவதில்லை. ஆகவே நல்ல காலத்திலேயே, வழி திறந்திருக்கும்போதே, ஊசி போட வருபவர் வாசலில் நிற்கும்போதே, குடியானவர்கள் தங்கள் மாடுகளைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து நிறுத்துவார்களாக.